சம்பளம் ஏறிச்சா, ஏத்தினாங்களா? மலையக வரலாறும் சில ஆங்கிலச் சொற்களும்

ஐஇஎல்டிஎஸ் வகுப்புக்குப் போன யாரையாவது கேட்டுப் பாருங்க. எழுத்துப் பரீட்சையில முதல் கேள்வி ஒரு வரைபடம். கோடு மேலே போனா 'ரைஸ்', 'இன்க்ரீஸ்', 'குரோ'. வேகமா போனா 'சோர்'. கீழே இறங்கினா 'ஃபால்', 'டிக்ரீஸ்', 'டிக்ளைன்'. தலைகுப்புற விழுந்தா 'ப்ளம்மெட்'. ஆடாம நின்னா 'ஸ்டேபிள்'. ஹட்டன்லயும் நுவரெலியாவுலயும் இதைப் பாடமாக்கிக்கிட்டு வெளிநாட்டுக் கனவோட திரியிற நண்பர்கள் நம்ம எல்லாருக்கும் இருக்காங்க. நல்ல விஷயம்தான். ஆனா நம்ம தாத்தா பாட்டியோட வாழ்க்கையும் இதே சொற்களாலதான் ஆங்கிலத்துல எழுதப்பட்டிருக்கு. சட்டம், ஒப்பந்தம், குடிசன மதிப்பீடு, கம்பெனி அறிக்கை எல்லாத்துலயும் ஏதோ ஒன்று 'ஏறியிருக்கு', ஏதோ ஒன்று 'இறங்கியிருக்கு'. எந்தச் சொல்லைத் தேர்ந்தாங்க என்பதைக் கவனிச்சா, வரலாற்றுல யாரு மறைஞ்சு நிக்கிறாங்க என்பது கொஞ்சம் தெரியும்.

முதல்ல ஒரு சின்ன இலக்கணம். 'ரைஸ்' என்றால் தானாக உயர்வது. 'ரெய்ஸ்' என்றால் ஒருத்தர் உயர்த்துவது. 'ஃபால்' தானாக விழுவது, 'கட்' ஒருத்தர் வெட்டுவது. ஆனா 'இன்க்ரீஸ்', 'டிக்ரீஸ்' ரெண்டுக்கும் இந்த வேறுபாடு இல்ல. தானாகக் கூடினாலும் அதே சொல், யாராவது கூட்டினாலும் அதே சொல். 'டிக்ளைன்' இன்னும் சௌகரியம்: அதைச் சொன்னா யாரும் எதுவும் செய்யாம, வெயில் சாயிற மாதிரி ஒன்று சாய்ந்துவிட்டது என்றுதான் படும்.

தமிழ்ல இப்படித் தப்பிக்கிறது கஷ்டம். பள்ளிக்கூடத்துல தன்வினை, பிறவினை என்று படிச்சோமே, அதுதான். குறைந்தது, குறைத்தது. ஒரே ஒரு 'த்'. வாயைத் திறந்தாலே ரெண்டுல ஒன்றைத் தேர்ந்தாகணும்.

அந்த ஒற்றெழுத்தைக் கையில வச்சுக்கிட்டு 1929க்குப் போவோம். 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடைமுறைக்கு வந்த நேரம். மலைநாட்டுத் தோட்டங்கள்ல ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். கீழ்நாட்டுத் தோட்டங்கள்ல இது 50, 40, 30. தோட்டத் தொழிலாளருக்கு இதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று முதல் தடவையா சட்டம் கோடு போட்டது அப்பதான். கோடு போட்டு நாலு வருஷம் ஆகல்ல, உலகப் பொருளாதார நெருக்கடி வந்தது, தேயிலை விலை விழுந்தது. இங்க வினைச்சொற்களைப் பாருங்க. தேயிலை விலை விழுந்தது, சரி, லண்டன் ஏலத்துல அது விழுந்ததுதான். சம்பளம் விழல்ல. குறைச்சாங்க. சட்டப்படி, எத்தனை சதம் என்று பேசி முடிவு பண்ணி, அந்தக் குறைந்தபட்சத்தையே இறக்கினாங்க. ஆனா அந்தக் காலத்தைப் பற்றிய பொருளாதார வரலாறுகளை ஆங்கிலத்துல படிக்கிறப்ப விலையும் கூலியும் ஒரே வாக்கியத்துல, ஒரே வினைச்சொல்லோட, சேர்ந்து விழுறதை அடிக்கடி பார்க்கலாம்.

ஏத்தச் சொல்லிக் கேட்டவங்களுக்கு என்ன நடந்தது என்பதும் இந்தக் கதையிலதான் வருது. 1940 ஜனவரியில முல்லோயா தோட்டத்துல சம்பள உயர்வு கேட்டு நடந்த போராட்டத்துல பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி செத்துப்போனார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றுல சம்பளத்துக்காக விழுந்த முதல் உயிர்கள்ல ஒன்றாக அவர் பேரைச் சொல்றோம். அவர் கேட்டது சதக் கணக்குல.

மறுபடி அந்த 54, 43 என்ற ரெண்டு எண்களைப் பாருங்க. 11 சத வித்தியாசம். கொழுந்து பறிக்கிறது பெரும்பாலும் பெண்கள்தான், தோட்டத்தோட வருமானமே அவங்க விரல்ல இருந்துதான் வருது, ஆனா அவங்க பேருக்கு ஆணோட பேரைவிடக் குறைவு. இந்த வித்தியாசம் நீங்கினது 1984 ஏப்ரல் மாத வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. 1929ல இருந்து எண்ணினா 55 வருஷம். பெண்களுக்கு அன்றைக்குக் கிடைச்சதைச் 'சம்பள அதிகரிப்பு' என்று சொன்னா எண் அளவுல சரி. ஆனா அரை நூற்றாண்டாகச் சட்டம் போட்டுக் குறைச்சு வச்சிருந்ததை நிறுத்தினதுக்கு அது சரியான சொல்லா? எனக்கு அப்படித் தோணல்ல.

சம்பளத்தை விட்டுட்டு ஆட்களுக்கு வருவோம். எண்களாக மாறினதுல அதிகம் அடிபட்டது அவங்கதான்.

1948ல பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, பெரும்பாலான தோட்ட மக்கள் நாடற்றவர்கள் ஆனாங்க. 1947 தேர்தல்ல மலையகத்துல இருந்து இலங்கை இந்திய காங்கிரஸ் உறுப்பினர்கள் பாராளுமன்றம் போனாங்க. 1952 பாராளுமன்றத்துல அவங்கள்ல ஒருத்தரும் இல்ல. அடுத்து 1964 ஒக்டோபர் 30, ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம். 9 லட்சத்து 75 ஆயிரம் பேர்ல 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும், 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம். (1974ல அதையும் சரிபாதியாக, 75 ஆயிரம் 75 ஆயிரமாகப் பிரிச்சாங்க.) ஏழு பேர் கப்பல் ஏறினா இங்க நாலு பேருக்குக் குடியுரிமை என்ற விகிதம் இந்த எண்கள்ல இருந்துதான் வந்தது.

அந்த ஒப்பந்தத்தின் ஆங்கிலத்துல ஒரு சொற்றொடர் உண்டு: 'நேச்சுரல் இன்க்ரீஸ்'. அந்த 5,25,000 பேரோடு அவங்களோட 'இயற்கை அதிகரிப்பும்' சேர்த்து அனுப்பப்படும் என்பது வாசகம். புள்ளிவிபரவியல்ல இது சாதாரணச் சொல், பிறப்புல இருந்து இறப்பைக் கழிச்சா வருவது. ஆனா இந்த இடத்துல அதுக்கு அர்த்தம் வேற. தலவாக்கலையிலயோ மஸ்கெலியாவுலயோ ஒரு லயத்துல 1966ல பிறந்த ஒரு பிள்ளைதான் அந்த 'இயற்கை அதிகரிப்பு'. அது பிறந்த நாட்டுக்கும், அனுப்பப்படப்போற நாட்டுக்கும் இடையில கூட்டல் கணக்குல ஒரு எண். எத்தனையோ ஆங்கிலச் சொற்கள் நம்மள நோக்கி வந்திருக்கு, கூலி என்பது உட்பட. இந்த மாதிரி அமைதியான சொல்தான் எனக்கு அதிகமா உறுத்துது. இதுல வசவு இல்ல, கோபம் இல்ல, ஒரு வரைபடத்துக்குக் கீழே எழுதினாக்கூடப் பொருந்தும்.

இப்ப குடிசன மதிப்பீட்டுக் கோட்டை வரைஞ்சு பார்ப்போம். 'இந்தியத் தமிழர்' என்ற தலைப்புல 1971ல சுமார் 11 லட்சத்து 75 ஆயிரம் பேர். 1981ல சுமார் 8 லட்சத்து 19 ஆயிரம். பத்து வருஷத்துல மூன்றரை லட்சத்துக்கு மேல இல்லாமப் போச்சு, அதாவது 30 சதவீதம். நாட்டு மக்கள்தொகையில நம்ம பங்கு 9.3 சதவீதத்துல இருந்து 5.5 சதவீதமாச்சு. இந்தக் கடைசி வாக்கியத்தை ஆங்கிலத்துல எழுதுறவங்க ஒரு இடத்துல கவனமா இருக்கணும், வகுப்புலயும் சொல்லிக்கொடுப்பாங்க: 9.3ல இருந்து 5.5க்கு வந்தா அது 3.8 'சதவீதப் புள்ளி' இறக்கம். பங்கு எவ்வளவு சுருங்கிச்சு என்று கேட்டா பதில் 41 சதவீதம். ரெண்டும் உண்மை. 3.8 என்று மட்டும் சொல்லிட்டுப் போறவர் பொய் சொல்லல்ல, ஆனா கேட்கிறவருக்கு ஒன்றும் பெரிசா நடக்கல்ல என்றுதான் படும்.

இந்தக் கோட்டுக்கு வரைபட ஆங்கிலத்துல 'டிக்ளைன்' என்று எழுதினா முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனா அந்தப் பத்து வருஷத்துல என்னவெல்லாம் இருந்தது! ஒப்பந்தப்படி தலைமன்னார்ல கப்பல் ஏறினவங்க இருந்தாங்க. 1973, 74ல உணவுத் தட்டுப்பாடு வந்தப்ப தோட்டங்கள்ல பட்டினியாலயும் நோயாலயும் செத்தவங்க இருந்தாங்க, தோட்டப்புறச் சிசு மரண வீதம் அந்த வருஷங்கள்ல திடீரென ஏறினது பதிவுல இருக்கு. தோட்டங்களை அரசு எடுத்தப்ப துரத்தப்பட்டவங்க, 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவங்க, அங்க போய் 'இலங்கைத் தமிழர்' என்று பதிஞ்சவங்க எல்லாரும் இருந்தாங்க. அனுப்பியது, பட்டினி போட்டது, விரட்டியது, பேரை மாத்திப் பதிஞ்சது. இத்தனை வினைச்சொல்லும் ஒரே கோடாச் சேர்ந்து 'டிக்ளைன்' ஆகுது.

கப்பல் ஏறினதுக்கும் ஒரு சொல் கொடுத்தாங்க: 'ரீபேட்ரியேஷன்'. தமிழ்நாட்டு அரசு அதைத் 'தாயகம் திரும்புதல்' என்று மொழிபெயர்த்தது. இங்கயே பிறந்து வளர்ந்து, இந்தியாவை வாழ்க்கையில பார்க்காதவங்க எப்படித் திரும்ப முடியும்? கோத்தகிரியிலயும் கூடலூர்லயும் குடியேறி, அவங்களுக்காகவே உருவான டான்டீ தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிச்சவங்களை அந்த ஊர்க்காரங்க 'சிலோன்காரங்க' என்று கூப்பிட்டாங்க. அந்த ஊர்க்காரங்களோட சொல் அரசாங்கத்தோட சொல்லைவிடத் துல்லியம்.

2012ல அதே தலைப்புல 8 லட்சத்து 39 ஆயிரம் பேர். 2024 குடிசன மதிப்பீட்டுல ஏறக்குறைய 6 லட்சம், நாட்டுல 2.8 சதவீதம். இதுக்கும் ஆங்கிலத் தலைப்புகள்ல இறக்கச் சொல்தான். 12 வருஷத்துல நம்மள்ல நாலுல ஒருத்தருக்கு மேல எங்கயும் போயிடல்ல, சாகல்ல. வெளிநாடு போனவங்க இருக்காங்க, பிறப்பு வீதம் குறைஞ்சிருக்கு, எல்லாம் உண்மை, ஆனா கொழும்புல, வவுனியாவுல, ஹட்டன்லயே கூட எத்தனையோ குடும்பம் இலங்கைத் தமிழர் என்று பதியுது. குறைஞ்சது ஆளா, பேரா என்று கேட்டுட்டுத்தான் கோட்டைப் பார்க்கணும்.

'பேர்' என்றதும் சம்பளத்துக்கே திரும்பவேண்டியிருக்கு. தோட்டத்துல ஒரு நாள் வேலைக்குப் பேர் 'பேர்'தான். முழுப்பேர், அரைப்பேர். குறிச்ச நிறை கொழுந்து வராட்டி அரைப்பேர். வேறு எந்தத் தொழில்லயும் ஆளோட பேரையே பாதியா வெட்டுற மாதிரி ஒரு சொல் இருக்கா என்று எனக்குத் தெரியல்ல.

2019 ஜனவரியில நடந்த கதைதான் இந்தச் சொல் விளையாட்டுக்கு உச்சம். அதைக் கொஞ்சம் நிதானமாப் பார்ப்போம், கால்குலேட்டரை எடுத்து வச்சுக்கோங்க.

அதுக்கு முந்தின கூட்டு ஒப்பந்தம் 2016 ஒக்டோபர்ல கையெழுத்தானது. அதுல ஒரு நாளைக்கு 730 ரூபா. ஆனா 730 என்பது ஒரு எண் இல்ல, நாலு எண். அடிப்படைச் சம்பளம் 500. வரவுக்கான ஊக்குவிப்பு 60. உற்பத்தித்திறன் ஊக்குவிப்பு 140. விலைப்பங்கு மேலதிகக் கொடுப்பனவு 30. ஆங்கிலத்துல பேசிக், அட்டெண்டன்ஸ் இன்சென்டிவ், புரொடக்டிவிட்டி இன்சென்டிவ், பிரைஸ் ஷேர் சப்ளிமென்ட். வேலை கொடுத்த நாட்கள்ல நூற்றுக்கு 75 வந்தாத்தான் அந்த 60. குறிச்ச கிலோ பறிச்சாத்தான் அந்த 140. சேமலாப நிதிக்கு அந்த 500தான் அடிப்படை. இன்சென்டிவ், அலவன்ஸ், சப்ளிமென்ட் எல்லாம் கையில வர்ற காசைக் கூட்டுற சொற்கள்தான், ஆனா எப்ப வேணுமானாலும் கழட்டி எடுக்கக்கூடிய சொற்கள். கந்தோர்ல வேலை செய்யிறவருக்கு 'இன்க்ரிமென்ட்' என்று ஒன்று வருஷா வருஷம் வரும், சேவைக்காலம் கூடக் கூட சம்பளமும் கூடும். மலையில 30 வருஷம் கூடை சுமந்த அம்மாவுக்கும், நேற்றுப் பேர் பதிஞ்ச பிள்ளைக்கும் ஒரே நாட்சம்பளம். அந்தச் சொல்லே மலைக்கு ஏறி வரல்ல.

தொழிலாளர் கேட்டது அடிப்படைச் சம்பளம் 1000 ரூபா. 2018 ஒக்டோபர்ல மலையக இளைஞர்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு காலிமுகத்திடல்ல கூடினது உங்கள்ல பலருக்கு ஞாபகம் இருக்கும், சிலர் அங்க நின்னிருப்பீங்க. ஹட்டன்லயும் தலவாக்கலையிலயும் ஆர்ப்பாட்டம், தோட்டம் தோட்டமா வேலைநிறுத்தம். கடைசியா 2019 ஜனவரி 28ல கையெழுத்தான ஒப்பந்தத்துல அடிப்படைச் சம்பளம் 700 ஆச்சு. விலைப்பங்கு 50 ஆச்சு. வரவு ஊக்குவிப்பும் உற்பத்தித்திறன் ஊக்குவிப்பும் எடுக்கப்பட்டது. மொத்தம் 750.

500ல இருந்து 700. இது 40 சதவீத அதிகரிப்பு, அப்படித்தான் எடுத்துச் சொல்லப்பட்டது. கணக்குல ஒரு பிழையும் இல்ல. 730ல இருந்து 750. இது 20 ரூபா, 2.7 சதவீதம். இதுலயும் பிழை இல்ல. இன்னும் ஒரு படி போவோம். அடிப்படைச் சம்பளத்துல 8 சதவீதம் சேமலாப நிதிக்குத் தொழிலாளர் பங்காக் கழியும். 500க்கு 40 ரூபா, 700க்கு 56 ரூபா. அப்ப கைக்கு வர்றது முன்ன 690, இப்ப 694. 40 சதவீத அதிகரிப்பு, கையில நாலு ரூபா.

நியாயமாப் பேசணும் என்றா மறுபக்கமும் சொல்லணும். கம்பெனிப் பங்கு 12 சதவீதமும் அதே அளவுல ஏறுது, ஓய்வு பெறும்போது அது பலன். அதோட, வரவு ஊக்குவிப்பும் கிடைக்காம, கிலோவும் எட்டாம 530 ரூபாவோட வீடு போன ஒருத்தருக்கு 750 என்பது 220 ரூபா உயர்வு, கிட்டத்தட்ட 41 சதவீதம். அதாவது ஒரே ஒப்பந்தம் ஒருத்தருக்கு 'சோர்', இன்னொருத்தருக்கு 'ஸ்டேபிள்'. நல்லாப் பறிச்சு, ஒழுங்கா வேலைக்கு வந்தவங்களுக்குத்தான் அது ஒன்றுமே இல்லாமப் போச்சு. அரைப்பேர் போடுற தோட்டத்துல கிலோ எட்டாதவங்களுக்கு அந்த 750உம் முழுசா வராது என்பதையும் சேர்த்துக்கணும்.

ஆங்கிலப் பத்திரிகைகள் இந்த மாதிரி நேரத்துல விரும்பிப் போடுற சொல் 'ஹைக்'. சம்பள ஹைக். நம்ம பக்கம் சுற்றுலா வர்றவங்க எல்லக்குப் போய் மலை ஏறுறதுக்கும், சிவனொளிபாத மலை ஏறுறதுக்கும் அதே சொல்தான். 20 ரூபாவுக்கு அந்தச் சொல் தாங்காது.

2021 மார்ச்ல ஆயிரம் வந்தது. கூட்டு ஒப்பந்தத்தால இல்ல, சம்பள நிர்ணய சபை மூலமா, வர்த்தமானியில: 900 அடிப்படை, 100 வரவு செலவுத் திட்டச் சலுகைக் கொடுப்பனவு. பல வருஷமாக் கேட்ட எண். பிறகு அது 2024 வரைக்கும் அசையல்ல. வரைபட ஆங்கிலத்துல இதுக்கு 'ரிமெய்ன்ட் ஸ்டேபிள்'. நேர்க்கோடு, அமைதியான கோடு.

அந்த அமைதியான கோட்டுக்கு அடியில நடந்தது இது. 2022 செப்டம்பர்ல கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அடுத்த வருஷம் செப்டம்பர்ல 1.3 சதவீதம். 'இன்ஃப்ளேஷன் டிக்ளைன்ட்' என்று செய்தி வந்தது, பலர் சாமான் விலை இறங்கிருச்சு என்று நினைச்சாங்க. வேகம்தான் குறைஞ்சது, விலை குறையல்ல. 2021 செப்டம்பர்ல 100 ரூபாவுக்கு வாங்கினது 2022ல 169 ரூபா 80 சதம், 2023ல ஏறக்குறைய 172. பஸ் 60 கிலோமீட்டர் வேகத்துல இருந்து 5க்கு இறங்கினாலும் பஸ் முன்னுக்குத்தான் போகுது, பின்னுக்கு வரல்ல.

இதை அந்த ஆயிரத்துல போட்டுப் பாருங்க. 2021 செப்டம்பர்ல 1000 ரூபாவுக்கு வாங்கினதை 2023ல வாங்க 1720 வேணும். கையில இருந்தது அதே 1000. அதாவது அந்த ஆயிரம் பழைய விலையில 580 ரூபாவா ஆயிருந்தது. அசையாத கோடு உண்மையில சரிஞ்ச கோடு. இதுக்கு யாரும் சம்பள வெட்டு என்று பேர் வைக்கல்ல. ஒரு கையெழுத்தும் போடாம, ஒரு வர்த்தமானியும் அடிக்காம நடந்ததால.

2024 மே மாசம் 1700 என்று அறிவிச்சாங்க: 1350 அடிப்படை, 350 உற்பத்தித்திறன் கொடுப்பனவு. கம்பெனிகள் உயர் நீதிமன்றம் போச்சு, இடைக்காலத் தடை வந்தது. கடைசியா செப்டம்பர்ல நின்னது 1350. ஆயிரத்துல இருந்து 1350, 35 சதவீத அதிகரிப்பு. அந்த நேரம் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தது, அதையும் கழிச்சுக் கணக்குப் பார்த்தா, 2021 செப்டம்பர் ஆயிரத்துக்கு ஈடாக 1700க்கு மேல வேணும். 350 ரூபா கூடிச்சு, ஆனா மூன்று வருஷத்துக்கு முந்தின இடத்துக்கு இன்னும் 350 ரூபா பாக்கி.

2026 வரவு செலவுத் திட்டத்துல 1750 அறிவிக்கப்பட்டது: தோட்டம் 1550 கொடுக்கும், வரவுக்கு அரசு 200 கொடுக்கும். இதுல முதல் தடவையா அரசே ஒரு பங்கைப் போடுது, அது புது விஷயம், நல்ல விஷயமும்கூட. அந்த 200 வரவோட கட்டப்பட்டிருக்கு என்பதையும், வரவுக்கான ஊக்குவிப்பு 2019ல எப்படிக் கழட்டி எடுக்கப்பட்டது என்பதையும் பக்கத்துல எழுதி வச்சுக்கோங்க. 1350ல இருந்து 1750 என்பது கிட்டத்தட்ட 30 சதவீதம். விலைச்சுட்டெண்ணைப் போட்டுப் பார்த்தா அது 2021 செப்டம்பர் ஆயிரத்துக்கு ஏறக்குறையச் சமம்.

இதை ஒரு வரைபடமா வரைஞ்சு ஐஇஎல்டிஎஸ் கேள்வியாக் கொடுத்தா எப்படி எழுதுறது? நாட்சம்பளக் கோடு 1000, 1350, 1750 என்று படிப்படியா மேல போகுது. அதே சம்பளத்தை 2021 விலையில வரைஞ்சா ஒரு பள்ளத்துல விழுந்து, அஞ்சு வருஷம் கழிச்சுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருது. முதல் கோட்டுக்கு 'ரைஸ்'. ரெண்டாவதுக்கு வகுப்புல ஒரு சொல் சொல்லித் தருவாங்க, 'ரிக்கவர்'. நோயில இருந்து எழும்புறதுக்குச் சொல்றது. பரீட்சைக்கு அதை எழுதுங்க, மதிப்பெண் வரும். சம்பளத் துண்டைக் கையில வச்சிருக்கிற அம்மாகிட்ட போய் ரிக்கவர் ஆயிருச்சு என்று சொல்லாதீங்க. அவங்க தமிழ்ல ஒரு கேள்வி கேட்பாங்க: இடையில போன அஞ்சு வருஷக் காசு எங்க?